மடிக்கு ஐந்து வாரம்

ஜூன் 2, திங்கள்

லிஃப்ட் மெக்கானிக்கான நான் குடியிருக்கும் நாலாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. அந்த மாடிப்படியில் வழுக்கித்தான் என் வலது குதிகால் எலும்பு விரிசல் விட்டது. உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால், "லிஃப்ட் குழியில விழுந்துட்டீங்களா?" என்று கேட்கிறவர்களிடம் இரண்டு வாரமாக ஆமாம் என்றே சொல்லி வருகிறேன்.

நேற்று காலை என் சென்னை அறை வாசலில் தங்கை மேகலா வந்து நின்றாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் அருள்மணி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"துணியெல்லாம் எதுல வச்சிருக்க?" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பெட்டியைக் காட்டினேன். மாப்பிள்ளை என்னைத் தாங்கிப் பிடித்து நாலு மாடியும் இறக்கினார். கார் விழுப்புரம் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு மேகலா, கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஜூலை ஆறாந்தேதி ஆதிரைக்குக் காது குத்துறோம். மாமன் மடி வேணும். அவளப் பாத்துக்கிட்டிருந்த கீழ் வீட்டு அக்கா, மக பிரசவத்துக்குப் போயிட்டாங்க. பகல்ல ஒரு ஆளும் வேணும். ரெண்டுக்கும் நீ ஒருத்தன் போதும்."

கூப்பிடுகிற அழகு இது.

ஆதிரைக்கு இரண்டு வயது ஏழு மாதம். நான் நேரில் பார்த்ததே இல்லை. உறையூரில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "வாடா என் கண்ணு," என்றேன். பதினொரு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் நின்று ஆறாவது மாடியில் இருக்கிறவனோடு பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. குழந்தை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ஒரு மணி நேரம் வீரிட்டது.

ஒவ்வொரு கட்டிடத்திலும் தேதி போட்டு லாக் புக் எழுதிய பழக்கம். அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஃபிரிட்ஜுக்குப் பின்னால்.

ஜூன் 4, புதன்

நிலவரம் இதுதான். மேகலா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வருவாள். மாப்பிள்ளை மருந்துக்கடையிலிருந்து வர இரவு ஆகும். ஆக, தினம் ஆறு மணி நேரம், ஓட முடியாத ஒருவனும் ஓடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒருத்தியும் தனியாக.

ஜூலை ஆறாம் தேதி அந்தக் குழந்தை என் மடியில் அடங்கி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எங்கள் சித்தி மகன் கார்மேகம் தயாராக இருக்கிறான். போன வருஷம் மொட்டை போட்டபோது நான் வரவில்லை. அவன் மடியில்தான் உட்கார வைத்தார்களாம். போட்டோ பார்த்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு, ஏதோ அவனே பெற்றவன் மாதிரி. காது குத்துக்கும் அவன் மடி என்றால் அப்புறம் நான் மாமன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. வேறு எதற்காகவும் நான் மெனக்கெடவில்லை. கார்மேகம் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் வேலையாகக் குரலைக் குறைத்தேன். காலையிலிருந்து ரகசியம் பேசுகிறவன் மாதிரிதான் பேசுகிறேன். அடுத்து, கண்ணில் பட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து, பிளாஸ்டிக் மூடியில் கத்தியால் நீளமாக ஒரு வாய் வெட்டினேன். ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி மழுக்கினேன். துணி கிளிப் ஒவ்வொன்றாக அதற்குள் போட்டேன். டக். டக். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பத்தாவது கிளிப்புக்கு ஃபிரிட்ஜின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. பதினைந்தாவதுக்கு ஒரு கை வந்து கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டது.

இரண்டு மணிக்குள் டப்பாவுக்குள் போனவை: கிளிப் முப்பத்திரண்டு, மேகலாவின் பொட்டு அட்டை, ஒரு முறுக்குத் துண்டு, என் ஏடிஎம் கார்டு.

"டப்பாவ எடுத்து நீயே ஆடிக்கிட்டிருக்கியா?" என்றாள் மேகலா வந்ததும்.

ஜூன் 6, வெள்ளி

கொண்டைக்கடலையும் பட்டாணியும் ஒரு தட்டில் கலந்து, பிரித்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று நினைத்தேன். மதியம் மேகலா பார்த்துவிட்டாள். மூக்கில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும், முழுங்கித் தொண்டையில் அடைத்தால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் பாடம். ஆதிரையின் வாய்க்குள் போகாத அளவுள்ள பொருளைத்தான் கொடுக்க வேண்டுமாம்.

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது.

ஜூன் 7, சனி

பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு. இரண்டு கூடை. இது வெங்காயக் கூடை, இது கிழங்குக் கூடை என்று காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, தடவிப் பார்த்து, மிகுந்த யோசனைக்குப் பிறகு போட்டாள். முடிவில் ஒரு கூடையில் நாலு வெங்காயமும் மூன்று கிழங்கும், இன்னொன்றில் மீதி. தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், ஒரு கூடையில் இருந்ததெல்லாம் மண் ஒட்டியவை. இன்னொன்றில் சுத்தமானவை.

"இது குளிக்கல," என்றாள், மண் கூடையைக் காட்டி. என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம்.

எல்லாவற்றையும் குளிப்பாட்டினோம். பெரிய பேசினில் தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு. பால்கனி பூராவும் தண்ணீர். என் மாவுக்கட்டு நனையாமல் இருக்கக் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று கிலோ கிழங்குக்குக் குளிப்பு நடத்தினேன். இப்படி ஒரு காலை நேரம் எனக்கு வாய்த்து ரொம்ப நாளாகிறது.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கிற விளையாட்டு. அப்பா செருப்பு, அம்மா செருப்பு, பாப்பா செருப்பு. அவளுக்கு இது அத்துப்படி, மளமளவென்று சேர்த்து வைத்துவிட்டாள். கடைசியில் என் இடது கால் செருப்பு ஒன்று மிஞ்சியது. வலது கால் செருப்பு சென்னையிலேயே நின்றுவிட்டது, கட்டுப் போட்ட காலுக்கு எதற்கு என்று.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாள். அலமாரிக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குப்பைக் கூடையில். "அது இல்லடா, ஒண்ணுதான்," என்று மெல்லச் சொன்னேன். நம்பவில்லை. உதடு பிதுங்கியது. பிறகு தன் செருப்பு ஜோடியைப் பிரித்து, அதில் ஒன்றை, என் உள்ளங்கையில் அடங்குகிற அந்த மஞ்சள் செருப்பை, என் செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

"மாமா," என்றாள். அந்த ஜோடிக்குப் பெயர் வைத்த மாதிரி.

தூசி விழுந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மின்விசிறியைத் துடைக்க வேண்டும் என்று மேகலாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மெழுகுக் கலர் பென்சில் வாங்கி வந்திருந்தார் மாப்பிள்ளை. தாளில் போடச் சொன்னால் சுவரில் போடுகிறாள். சுவர் வேண்டாம் என்றால் தரையில். கடைசியில் நானே காலை நீட்டிவிட்டேன். முழங்கால் வரை வெள்ளை வெளேரென்று கட்டு. இதைவிட நல்ல பலகை எங்கே கிடைக்கும்?

ஒன்றரை மணி நேரம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. குதிகாலில் ஒரு சிவப்பு வட்டம், அது அம்மா. கெண்டைக்காலில் பச்சை வட்டம், அது அப்பா. முழங்காலுக்குக் கீழே நீலத்தில் ஒரு பெரிய கிறுக்கல்.

"இது யாரு?"

"நாய்."

"மாமா எங்க?"

யோசித்துவிட்டு அந்த நாயையே காட்டினாள். பரவாயில்லை, மாவுக்கட்டில் இடம் கிடைத்ததே.

ஜூன் 15, ஞாயிறு

இன்று மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது, சட்டென்று கேட்டுவிட்டார்.

"மச்சான், இப்பவாவது சொல்லுங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு ஏன் சொல்லாம கொள்ளாம போயிட்டீங்க?"

மேகலா அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது.

சொன்னேன். அப்பா அம்மா இல்லை, கல்யாணத்தை நடத்தியது நான். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்காரும் நேரத்தில் மண்டபத்து லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு அண்டா சாம்பார், ஒரு சமையல்காரர். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்தான் குழிக்குள் இறங்கினேன். சாம்பார் பத்திரமாக மேலே போனது. இன்னொரு தடவை நின்றது, இன்னொரு தடவை இறங்கினேன். கிரீஸ் கையோடு நான் மேலே வரும்போது மணி மூன்று. பெஞ்சை மடக்கிக்கொண்டிருந்தார்கள். "நீ சாப்பிட்டியா" என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மாப்பிள்ளை எடுத்த தட்டைக் கீழே வைத்தார். "கல்யாணத்த நடத்துறவரே நீங்கதான் மச்சான். உங்கள வந்து சாப்பிடுங்கன்னு யாரு கூப்பிடுவா?"

இந்தக் கேள்வி நாலு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை. வளைகாப்புக்கும் போகவில்லை, குழந்தை பிறந்தபோதும் போகவில்லை, இந்த ஒரு விஷயத்துக்காக. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

ஜூன் 17, செவ்வாய்

மாவுக்கட்டில் புதிதாக ஒரு சூரியன். அல்லது இட்லி.

ஜூன் 19, வியாழன்

இன்று என் தொழில் கைகொடுத்தது.

ஒரு ஷூ பெட்டி, சணல் கயிறு, பால்கனியில் துணி காயப் போடும் குழாய். குழாயின் மேல் கயிற்றைப் போட்டு ஒரு முனையில் பெட்டி, இன்னொரு முனையில் எடைக்குக் கிழங்குப் பை. பெட்டிக்கு அட்டையில் இரட்டைக் கதவு. சுவரில் மூன்று வட்டம் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். அவள் பொம்மையை உள்ளே வைத்து ஏதாவது ஒரு வட்டத்தை அமுக்கினால் நான் கயிற்றை இழுப்பேன். பொம்மை மேலே போகும்.

முதல் தடவை பெட்டி ஏறியபோது அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இரண்டாம் தடவை குதித்தாள். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை, தோள்பட்டைதான் எண்ணியிருக்கும். மேலே, கீழே, கதவு மூடுது, கதவு தொறக்குது, ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் ஒரே காலையில் வாயில் வந்துவிட்டன. நாலாம் மாடி வேண்டும் என்றாள். இந்தக் கட்டிடத்தில் மூன்றுதான் என்றேன். "மாமா வேற கட்டு," என்றாள்.

பொம்மை, சீப்பு, என் போன், ஒரு வாழைப்பழம் எல்லாம் மாடிக்குப் போய் வந்தன. மதியம் வேலை முடிந்து வந்த மேகலா, தானே வந்து மூன்றை அமுக்கினாள். ஹேண்ட்பேக்கிலிருந்து தன் லேப் அடையாள அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, "மூணாவது மாடி போகணும்," என்றாள் என்னிடம். இழுத்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாளியை வைத்து இதே விளையாட்டை நாங்கள் ஆடியிருக்கிறோம். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

சப்பாத்தி மாவு. பாம்பு செய்தோம், உருண்டை செய்தோம். அவள் உருண்டையில் விரலால் குத்திக் குத்தி ஓட்டை போட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. இந்த விரல்காரிக்கும் ஒருவன் ஓட்டை போடப் போகிறான், அதுவும் என் மடியில் வைத்து.

இதுவரை என் மடியில் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் உட்காருவாள், கட்டின்மேல் சாய்வாள், முதுகில் ஏறுவாள். மடி மட்டும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

ஒத்திகை ஆரம்பம். பொம்மையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மேகலாவின் பொட்டு இரண்டை எடுத்து, "அசையாம இரு கண்ணு, வலிக்காது," என்று சொல்லிப் பொம்மையின் இரண்டு காதிலும் ஒட்டினேன். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பொம்மை, யானை, ஹார்லிக்ஸ் டப்பா, எல்லாவற்றுக்கும் காது குத்தியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் "வலிக்காது, வலிக்காது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மேகலா கதவோரம் நின்று பார்த்தாள். "அண்ணே, வலிக்காதுன்னு சொல்லிக் குடுக்காத."

"பின்ன, வலிக்கும்னு சொன்னா உக்காருவாளா?"

"அது தெரியல. ஆனா வலிக்குமில்ல."

லேபில் நாளெல்லாம் ஊசி குத்துகிறவளுக்கு எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 28, சனி

கட்டுப் பிரித்தார்கள். ஆதிரையும் வந்திருந்தாள். சின்ன ரம்பத்தை வைத்து டாக்டர் கட்டைப் பிளந்ததும் அவள் அழுத அழுகையில் பக்கத்து அறையிலிருந்த நர்ஸ் ஓடி வந்தார். அம்மாவும் அப்பாவும் நாயும் இட்லியும் இருந்த காலை அறுத்தால் யார்தான் தாங்குவார்கள். டாக்டரிடம் கேட்டு, பிளந்த கட்டை இரண்டு துண்டாகப் பையில் போட்டு வாங்கி வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வலித்தது, ஆனால் முடிந்தது. அவள் கட்டுத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என் புதுக் காலைத் தொட்டுப் பார்த்தாள். முடி இருந்தது பிடிக்கவில்லை. பிறகு எந்த யோசனையும் இல்லாமல் திரும்பி, என் மடியில் உட்கார்ந்து, அந்தத் துண்டில் இருந்த அம்மாவையும் அப்பாவையும் விரலால் தடவ ஆரம்பித்தாள்.

இருபது நிமிஷம். கால் மரத்துப்போயிற்று. அசையவில்லை.

ஜூலை 5, சனி

நாளைக்கு. ஒரு வாரமாக மடிதான் அவளுக்கு நாற்காலி. கார்மேகத்துக்குப் போன் செய்து, "நீ சும்மா வந்து சாப்பிட்டுப் போனா போதும்," என்று சொல்லிவிட்டேன். பெரிய வெற்றி.

காலையில் அவளுக்குத் தோசை ஊட்டும்போது அவள் காது மடலைப் பார்த்தேன். ஆலிலை மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஐந்து வாரமாக இவள் என்னை நம்ப வேண்டும் என்று என்னென்னவோ செய்தேன். எதற்காக நம்ப வைத்தேன் என்பதை இன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஓடாமல் இருப்பதற்கு. கார்மேகம் மடியாக இருந்தால் திமிறுவாள்.

ஜூலை 6, ஞாயிறு

லால்குடி பக்கத்தில் மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயில். நல்ல வெயில், நல்ல கூட்டம். புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம். நான் வேட்டியை இறுக்கிக் கட்டி மணையில் உட்கார்ந்ததும், கூப்பிடாமலே வந்து மடியில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் யாரோ, "பாரு, மாமன்னா இதுதான் மாமன்," என்றார்கள்.

ஆசாரி மஞ்சளால் புள்ளி வைத்தார். அவளுக்குச் சிரிப்பு, கூச்சம்.

"அசையாம இரு கண்ணு. வலிக்காது."

கம்பி முதல் காதில் ஏறியது. அவள் உடனே அழவில்லை. கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு விநாடிதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் அழுகை.

இரண்டாவது காதுக்கு அவள் தலையை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தேன்.

முடிந்ததும் மேகலாவிடம் தாவிப் போனாள். சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று இன்று ஐம்பது பேர் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குப் பசிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். காலால் தள்ளிவிட்டாள். பெட்டி லிஃப்டில் பொம்மையை வைத்து நானே மேலே இழுத்தேன், நானே கீழே இறக்கினேன். அவள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தாள்.

வரும் திங்கள் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு பஸ்.

ஜூலை 9, புதன்

மதியம் மேகலா வந்தாள். நான் தரையில் வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"மூணு நாளா வரல, இல்ல?"

"இல்ல."

"நீ நாலு வருஷம் வரல. அவ மூணு நாள் வரல. அதுக்கே இப்படி ஒக்காந்திருக்க."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஆதிரை காதில் விழாதபடி மெல்லத்தான் பேசினாள்.

"அன்னிக்கு உனக்கு ஒரு எலை போட்டு வச்சிருந்தேன் அண்ணே. என் பக்கத்துலயே. உள் ரூம்ல, பொண்ணு மாப்பிள்ளை உக்காருற பந்தில. அண்ணன் வராம நான் கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவங்க வீட்டுல ஒரு மாதிரி பேசுனாங்க. இவருதான், இருக்கட்டும் வருவாருன்னாரு. ஒருத்தர அனுப்பிக் கூப்பிடச் சொன்னா, நீ பஸ் ஏறிட்டன்னு வந்து சொல்றாங்க. மணி நாலு. அந்த எலைய நானே மடிச்சு எடுத்தேன்."

"நீ ஏன் இத்தன நாள் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல? எனக்கும் கோவம்தான். என் கல்யாணத்துல நான் பட்டினி கெடந்தது உனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்னு இருந்தேன்." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காது குத்த ஒரு வருஷம் தள்ளிப் போட்டதும் உனக்காகத்தான். அதையும் சொல்லல. போதுமா?"

தப்பு என்னுடையது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சொன்னதும் அவள் அழுதாள், நானும்தான். இந்தத் தடவை மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் இல்லை.

ஜூலை 10, வியாழன்

மேகலா வேலைக்குப் போனதும், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"பாப்பா. மாமா வலிக்காதுன்னு சொன்னேன்ல. அது பொய். வலிச்சுது. மாமா தப்பு."

சத்தம் இல்லை. நான் எழுந்து போகவும் இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். முதலில் கை வந்தது, பிறகு தலை, பிறகு கம்மல். அவள் என் முன்னால் வந்து நின்று, என் இடது காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு வலது காது. மறுபடி இடது. கடைக்காரர் கத்திரிக்காய் பார்ப்பது போல மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க இருக்கு," என்றாள் இடது காதில் விரல் வைத்து. "இங்க இல்ல."

இதுவரை இந்த டைரியில் எழுதாத ஒன்றை எழுத வேண்டியதாகிறது. எனக்கு ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. ஐந்து வயதில் இடது காது குத்தி முடித்ததும் ஆசாரியின் கையைக் கடித்துவிட்டு ஓடியவன், அதற்குப் பிறகு பிடிகொடுக்கவே இல்லை. பழைய துளை தூர்ந்து புள்ளியாக நிற்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. மதியம் மேகலாவிடம் சொன்னேன். அம்மா சொல்லி அவளுக்கு முன்பே தெரியுமாம். சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

ஆதிரை சிரிக்கவில்லை. என் வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12, சனி

காலையில் நாலு பேருமாக ஆசாரி கடைக்குப் போனோம். யோசனை யாருடையது என்று கேட்டால், என்னுடையது என்றுதான் சொல்வேன்.

"யாருக்கு தம்பி?" என்றார் ஆசாரி.

"எனக்கு. வலது காது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குத்திறலாம். மடி யாரு?" என்றார்.

வேடிக்கைக்குத்தான் கேட்டார். மாப்பிள்ளையும் மேகலாவும் சிரித்தார்கள். அதற்குள் ஆதிரை கடைப் பாயில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, பாவாடையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். தன் மடியைக் கையால் தட்டினாள்.

"மாமா. இங்க."

எழுபத்தெட்டு கிலோ நான். பாயில் படுத்து, தலையை மட்டும் அவள் மடியில் வைத்தேன். கனம் தெரியாமல் கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். மேகலா குனிந்து என் தோளில் கை வைத்தாள். ஆசாரி கம்பியை எடுத்தார்.

"பாப்பா, வலிக்குமா?" என்றேன்.

மேலே அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வலிக்கும்," என்றாள்.

வலித்தது. ஆசாரி கம்பியை முறுக்கி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.